ஆர்கனைசர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

"அசைன்மென்ட் எப்போ சப்மிட் பண்ணணும்னு பார்க்கத்தான் போனை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தா முக்கால் மணி நேரம் காலி!" - இந்த டயலாக்கை இப்போ எந்த காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்தாலும் கேட்கலாம். கூடவே இன்னொரு டயலாக்கும் ஒட்டிக்கிட்டு வருது. "அந்தக் காலத்துல டிஜிட்டல் டைரி, பாம்டாப்னு ஏதோ இருந்துச்சாமே... தேதி, போன் நம்பர், நோட்ஸ், அவ்வளவுதான். அப்படி ஒண்ணு மூவாயிரம் ரூபாய்க்குள்ள சிக்குமா?"

சிக்கும். செகண்ட்ஹேண்ட் விற்கிற ஆன்லைன் கடைகள்லயும் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்லயும் தேடினா இன்னும் அகப்படுது. ஆனா பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியணும். 'இந்த மெஷின் செத்துப் போச்சுன்னா, உள்ளே நான் எழுதி வெச்சது என்ன ஆகும்?' எத்தனை எம்.பி., கலர் ஸ்கிரீனா, கேம்ஸ் இருக்கா எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள், ஸ்காலர்ஷிப் ரினியூவல், பிளேஸ்மென்ட் டெஸ்ட் நேரம், இது எல்லாத்தையும் அதுக்குள்ளே போட்டு வெச்சிட்டு, ஒருநாள் காலையில ஆன் பண்ணினா வெள்ளைத்தாள் மாதிரி நின்னா எப்படி இருக்கும்? இந்த வகை மெஷின்கள் அப்படி நிற்கக்கூடியவைதான்.

காரணத்தைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போவோம். 1993-ல் ஆப்பிள் 'நியூட்டன்' என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. விலை 700 டாலரை ஒட்டி. கையெழுத்தைப் படிக்கிறேன்னு சொல்லி அது படிச்ச அழகை அமெரிக்காவே கேலி பண்ணியது. அதே வருஷம் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவரின் பாம் நிறுவனமும் வேறு சில கம்பெனிகளோட சேர்ந்து 'ஜூமர்' என்ற ஒன்றில் இறங்கி, அதுவும் படுத்தது. மனுஷர் அப்புறம் செய்ததுதான் சுவாரஸ்யம். சட்டைப் பையில அடங்குற மாதிரி ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, கொஞ்ச நாள் கூடவே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சார். யாராவது மீட்டிங் கேட்டா கட்டையை எடுத்து, அதுல தேதி பார்க்கிற மாதிரி பாவ்லா! எந்த பட்டன் உண்மையிலேயே தேவைப்படுது, எது வெட்டிங்கிறது அப்படித்தான் பிடிபட்டது. தனக்குப் போட்டி இன்னொரு கம்ப்யூட்டர் இல்ல, பேப்பர்தான்னு அவர் முடிவு கட்டினார். 1996-ல் 'பைலட்' 299 டாலருக்கு வந்தது. உள்ளே வெறும் 128 கே.பி. மெமரி. கேலண்டர், அட்ரஸ், செய்ய வேண்டிய வேலை, குறிப்பு - நாலுக்கும் நாலு பட்டன். சக்கைப் போடு போட்டது.

நம்ம பட்ஜெட்டுக்குப் பொருத்தமான கதை 2002-ல்தான் ஆரம்பிக்குது. அந்த அக்டோபர்ல பாம் 99 டாலருக்கு 'ஸையர்' மாடலை விட்டது. அன்றைய கணக்குல ஐயாயிரம் ரூபாயை நெருங்கும். விலையைக் குறைக்க எதையெல்லாம் கழற்றினாங்கன்னு பாருங்க. நாலு பட்டன்ல ரெண்டு போச்சு. பேக்லைட் போச்சு. அதாவது ஹாஸ்டல்ல விளக்கை அணைச்சா உங்க ஆர்கனைசரும் தூங்கிடும். மெமரி 2 எம்.பி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை.

விஷயம் அந்த மெமரியில இருக்கு. அது கரன்ட் இருக்கிற வரைக்கும்தான் எதையும் ஞாபகம் வெச்சிருக்கும். பேட்டரி முழுசா இறங்கினா எல்லாம் அழிஞ்சு, ஃபேக்டரியில இருந்து வந்த முதல் நாள் மாதிரி 'வெல்கம்' சொல்லும். ஸையர் 21, எம்.பி.3 பாட்டு கேட்கிற ஸையர் 31 எல்லாம் இதே ஜாதி. அன்னிக்கு இது பெரிய குறையா தெரியலை. தினமும் கம்ப்யூட்டர்ல செருகி 'ஹாட்சிங்க்' பண்ணுவாங்க, ஒரு நகல் அங்கே இருக்கும். இன்னிக்கு உங்க கைக்கு வர்ற ஸையர்ல இருப்பது இருபது வருஷத்துக்கு மேல் பழசான ரீசார்ஜ் பேட்டரி. அதைச் சுலபமா கழற்றி மாத்தவும் முடியாது. எவ்வளவு மலிவா கிடைச்சாலும் இந்தப் பக்கம் போகாதீங்க என்பதுதான் நம்ம சைடு அட்வைஸ்.

2005-ல் வந்த 'இசட்22' வேற ரகம். அதே 99 டாலர்தான். ஆனா 32 எம்.பி. ஃபிளாஷ் மெமரி, அதனால பேட்டரி இறங்கினாலும் எழுதினது அழியாது. கலர் ஸ்கிரீனும் உண்டு. ஆன் ஆகி, சார்ஜும் நிக்குதுன்னா தைரியமா பேரம் பேசுங்க. இன்னொரு சாய்ஸ் அதைவிடக் கிழம்: 2000-ல் வந்த 'எம்100', அதுக்கு அடுத்த 'எம்105'. டி.வி. ரிமோட்ல போடுற சின்ன செல் ரெண்டு போட்டா ஓடும். மெமரி பழைய ஜாதிதான், ஆனா பெட்டிக்கடையிலகூட செல் கிடைக்கும். பழசை எடுத்து ஒரு நிமிஷத்துக்குள்ள புதுசு போட்டுட்டா டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. கடையில வாங்குறப்போ அங்கேயே ஒரு பெயரை எழுதி, செல்லைக் கழற்றி மாட்டிப் பாருங்க. பெயர் இருந்தா மெஷின் உங்களுக்கு, இல்லைன்னா கடைக்காரருக்கே!

எழுதுறது எப்படின்னா, 'கிராஃபிட்டி'ன்னு ஒரு எழுத்து முறை. ஆங்கில ஏ-வுக்குக் குறுக்குக் கோடு கிடையாது, வெறும் கூரை. ஒரு பீரியட் கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்தா கத்துக்கலாம். தமிழ் மட்டும் எதிர்பார்க்காதீங்க. இந்திய மொழிகளை மனசுல வெச்சு பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்'னு ஒண்ணு உருவாக்கினாங்க. 2004-ல் விற்பனைக்கும் வந்தது. விலை ஸ்டூடன்ட் பாக்கெட்டுக்கு எட்டலை. பாவம், நல்ல முயற்சி.

அடுத்த தலைவலி, உள்ளே போனதை வெளியே எடுக்கிறது. எம்100-ன் கேபிள் பழைய சீரியல் போர்ட்டுக்கானது. உங்க லேப்டாப்ல அந்த ஓட்டையே இருக்காது, அடாப்டர் தேடணும். இசட்22-க்கு யூ.எஸ்.பி.தான். ஆனா 64-பிட் விண்டோஸுக்கு பாம் டிரைவர் தரலை. ஆர்வலர்கள் சில குறுக்குவழி கண்டுபிடிச்சிருக்காங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் பண்ணத் தயாரா இருக்கணும். ரிப்பேர்னு போய் நிற்கவும் இடமில்லை. பாமை 2010-ல் ஹெச்.பி. வாங்கி, மறுவருஷமே அந்தக் கருவிகளுக்கு மூடுவிழா நடத்திடுச்சு.

இவ்வளவு கேட்டதும் 'அப்போ மூவாயிரத்தை என்னதான் பண்றது?'ன்னு தோணுதா? செலவே பண்ணாதீங்க. வீட்டு டிராயர்ல அக்காவோட பழைய ஆண்ட்ராய்டு போன் தூங்குதா பாருங்க. பின்பக்கம் உப்பியிருந்தா மட்டும் தொடாதீங்க, பேட்டரி ஆபத்து. நல்லா இருந்தா ஃபேக்டரி ரீசெட் பண்ணி, சிம் போடாம, ஏரோபிளேன் மோடுல வெச்சிடுங்க. தேதிகளை ஐ.சி.எஸ். ஃபைலாவும் நம்பர்களை வி.சி.எஃப். ஃபைலாவும் வெளியே எடுக்க முடியுற ஆப் ரெண்டு, ஒரு நோட்ஸ் ஆப். மத்ததுக்கெல்லாம் கேட் போட்டுடுங்க. வாரம் ஒரு தடவை அந்த ஃபைல்களை பென் டிரைவ்ல காப்பி பண்ணினா, போன் கிணத்துலயே விழுந்தாலும் ஃபீஸ் தேதி பத்திரம். ஒண்ணு மட்டும், சிம் இல்லைன்னு சொன்னாலும் எக்ஸாம் ஹால்ல அது போன்தான். வாசல்லயே வெச்சிட்டுப் போங்க.

'இல்ல பாஸ், எனக்கு அந்தக் குச்சியால எழுதுற ஸ்டைல்தான் வேணும்'னு அடம்பிடிக்கிறவங்க இசட்22-ஐயே தேடுங்க. பாமோட டேட் புக் 2031 டிசம்பர் 31 வரைக்கும்தான் தேதி காட்டும். வருஷத்தை எழுதி வைக்க அதுல ஒதுக்கின இடம் அவ்வளவுதான். இப்போ ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தவங்களுக்கு டிகிரி முடிக்க அது போதும். அரியர் நிறைய வெச்சிருக்கிறவங்க மட்டும் கொஞ்சம் வேகமா கிளியர் பண்ணுங்க!