பெரிய எண்ணுக்குப் பயப்படலாமா?

எங்கள் வட்டகொடைப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தால், முதலில் வரும் கேள்வி, "ஏன் புள்ள இந்தக் கஷ்டம்?" என்பதுதான். கணிதம் ஆண்பிள்ளைகளுக்கு, அதிலும் பிறவியிலேயே மூளைசாலிகளுக்கு என்ற நினைப்பு நம் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. அந்த நினைப்பு பிழை என்பதே என் கருத்து. சாட்சிக்கு ஓர் எண்ணையே அழைக்கிறேன்.

6746328388800.

பார்த்தவுடன் தலை சுற்றும். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்னும் ஒன்பது முதன்மை எண்கள் மட்டுமே. 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 உம் 7 உம் இரண்டு தடவை, மற்றவை ஒவ்வொரு தடவை. காரணிகளை எண்ண, ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. தரம் பத்துப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு இது.

சிறிய எண்களிலும் இந்தக் குணம் உண்டு. பன்னிரண்டு பேரீச்சம்பழங்களை 2, 3, 4, 6 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். பதினொன்றை அப்படிப் பங்கிட முடியாது. எண்ணின் நீளத்தில் ஒன்றுமில்லை. பதின்மூன்று இலக்க முதன்மை எண்ணுக்கும் இரண்டே காரணிகள்தான்.

இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். கணிதம் தவிர்ந்த பாடங்களில் சித்தியடையாமல் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தவர் அவர். 1915 இல் வெளியான தம் கட்டுரையில், கணினி இல்லாத காலத்திலேயே, நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைப் பட்டியலிட்டார். மேலே நான் எழுதியது அதன் கடைசி எண். அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போனது: 293318625600. கடைசி எண்ணை 23 ஆல் வகுத்தால் வருவது அதுவே. அதற்காக யாரும் கட்டுரையைத் தூக்கி எறியவில்லை. அந்த ஆய்வுக்காகவே 1916 இல் கேம்பிரிஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

இராமானுஜனுக்கே ஓர் எண் தவறலாம் என்றால், ஒரு தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையிடம் "பாடத்தை மாற்று" என்று உடனே சொல்வது என்ன நியாயம்?

பெற்றோரே, மலையகத்தில் கணிதப் பிரிவு உள்ள பாடசாலை தூரம், பஸ் செலவு, வகுப்புக் கட்டணம் எல்லாம் உண்மைதான். அதுதான் தடை என்றால் அதையே எங்களிடம் சொல்லுங்கள். சேர்ந்து வழி தேடலாம். "உன்னால் முடியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பணம் இல்லாத குறை நாளை தீரலாம். உம்மாவும் வாப்பாவும் சொன்ன "முடியாது" பிள்ளையின் மனதில் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

தோழிகளே, பெரிய எண்ணைக் கண்டால் பக்கத்தைப் புரட்டாதீர்கள். முதலில் இரண்டால் வகுத்துப் பாருங்கள். பிறகு மூன்றால். மீதி வழி தானாகத் தெரியும்.