படத்துக்கு மாலை, தீர்மானத்துக்குப் பூட்டு

ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று இரட்டைமலை சீனிவாசன் படத்துக்கு எல்லாக் கட்சிகளும் மாலை போடுகின்றன. 'தாத்தா', 'அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர்' என்று இரண்டு வரி அஞ்சலி. பிறகு அடுத்த ஜூலைதான். இந்த மரியாதையை நான் சந்தேகிக்கிறேன். ஒருவரை வணங்கிவிட்டால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்பது இங்கே பழகிப்போன தந்திரம்.

அவர் என்ன கேட்டார்? 1893இல் பத்திரிகை தொடங்கி, வசையாக வீசப்பட்ட 'பறையன்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தச் சொல்லி காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். கல்வி யார் கையில் இருந்ததோ அவர்கள் கைக்கே அதிகாரமும் போகும் என்பது அவருக்குத் தெரியும். இதற்காக அவரை வெள்ளைக்காரனின் ஆள் என்று முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. தெருவில் நடக்க விடாதவர்கள் பேசும் விடுதலையில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்பதா துரோகம்?

1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றில் யாரும் நீர் எடுக்கலாம், பொது அலுவலகத்துக்குள் யாரும் நுழையலாம். தீர்மானம் நிறைவேறியது. 1924லேயே அரசாணையும் வந்தது.

அதே 1924இல்தான் வைக்கம் போராட்டமும் தொடங்கியது. அதன் நூற்றாண்டை நாம் பெருமையோடு கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். பெரியார் அங்கே சிறை சென்றது வரலாறு. ஆனால் நம் சொந்த மாகாணத்தின் சாலைக்கும் கிணற்றுக்கும் சட்டமன்றத்தில் உரிமை கேட்ட தீர்மானத்துக்கும் அப்போதுதான் நூறு வயதானது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒடுக்கப்பட்டவர்களுக்காக மற்றவர்கள் போராடியதை நினைவில் வைத்திருக்கிறோம். ஒடுக்கப்பட்டவரே எழுந்து நின்று கேட்டது மட்டும் நமக்கு மறந்துபோகிறது. இந்த மறதி தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

கிணறு போய்க் குழாய் வந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றம் சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. 98 ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்காகப் போட்ட அரசாணை அந்தத் தொட்டி வரை போய்ச் சேரவில்லை.

'சட்டம் போட்டால் மனம் மாறிவிடுமா?' என்று கேட்பார்கள். சீனிவாசன் யாருடைய மனத்தையும் கேட்கவில்லை. சாலையைக் கேட்டார், கிணற்றைக் கேட்டார். அடுத்தவன் மனம் மாறும்வரை காத்திருக்கச் சொல்வது, தாகத்தோடு இருப்பவனிடம் பொறுமையைப் போதிப்பது.

தோழர்களே, வரும் ஜூலையில் அவர் படத்தைப் பகிருங்கள். கூடவே அந்தத் தீர்மானத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். சேரிக்குத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, பிணம் எந்தப் பாதையில் போகிறது என்று கேளுங்கள். மாலை போட்டவர்கள் அங்கே என்ன பதில் சொல்கிறார்கள், பார்ப்போம்.