கார்டை மாற்றுமுன் பேஸ்டை மாற்றுங்கள்

ஒருகொடவத்தையில் ஜன்னலைத் திறந்தால் கொள்கலன் லொறிகள் கிளப்பும் தூசு வீட்டுக்குள் வந்து குந்திவிடும். அந்தத் தூசுக்குள் ஓடும் கொம்பியூட்டர் சூடேறி கேம் நடுவே அணைந்தால், புது கிராபிக்ஸ் கார்ட் வாங்க யூனிட்டி பிளாசாவுக்கு ஓடுகிறார்கள். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டு கார்ட் விலையையும் ஏற்றியது அதற்குள் மறந்துபோயிற்றா? முதலில் கூலரைக் கழற்றிப் பாருங்கள். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்திருக்கும்; ஃபேன் மட்டும் வீணாய் இரைந்துகொண்டிருக்கும். 2022 செப்டம்பரில் கார்டுகளை இரவுபகலாய் ஓட்டிய எதேரியம் கிரிப்டோ நாணய மைனிங் நின்றபின் கைமாறிய கார்ட் என்றால் கேட்கவே வேண்டாம். பழையதை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். சிபியூவுக்கு நடுவில் புது பேஸ்ட் ஒரு துளி போதும், மேலே உலோக மூடி உண்டு. கிராபிக்ஸ் சிப்புக்குப் பெரும்பாலும் மூடியில்லை. ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்த இடம் கொதிக்கும். ஆகவே முழுப்பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மெமரி மேலுள்ள தேர்மல் பேட் கிழிந்திருந்தால் அதே தடிப்பில் வாங்குங்கள். தடிப்புக் கூடினால் கூலர் சிப்பில் அமராது. வொரண்டி முடியாத கார்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைக் கடைக்கே கொண்டுபோங்கள்.