கல்வெட்டும் கற்பலகையும்

உயர் அறிவியலுக்குத் தமிழ் ஒவ்வாது எனக் கருதும் பெற்றோர் பொருட்டு இதனை எழுதுகிறேன்.

1947இல் டென்னிஸ் கேபர் கண்ட ஹோலோகிராம் என்னும் முப்பரிமாண ஒளிப்பதிவு, நெடுங்காலம் பெரும்பாலும் கல்வெட்டாகவே இருந்தது. பதித்தபின் மாற்ற இயலாது. அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளியுணர் பாலிமரைக் கொண்டு அதனைக் கற்பலகையாக்கினர். லேசர் ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டங்கள் விடுபட்டு, இருண்ட இடங்களில் சென்று தங்குகின்றன. அதனால் எழும் மின்புலம் ஒளிவிலகலை மாற்ற, உருவம் பதிகிறது. மீண்டும் ஒளி பாய்ச்சினால் அழிகிறது. 2008இல் படத்தை மாற்றச் சில நிமிடங்கள் ஆயின. 2010இல் இரண்டே வினாடிகள். (திரைப்படத்திற்கு அதுவும் போதாது.)

இவற்றுள் ஆறாம் ஆண்டு மாணவனுக்குக் கடினமானவை மின்புலமும் ஒளிவிலகலுமே. முன்னதற்குச் சீப்பும் காகிதத் துண்டுகளும், பின்னதற்கு நீரில் நிற்கும் பென்சிலும் போதுமே, ஆசிரியர்களே!