எந்த ஊர் ஆக்கள்?

மன்னார் நகரில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவரிடம் வாடகையைப் பற்றிய பேச்சு பிறகுதான் வரும். முதலில் வருவது, ‘நீங்கள் எந்த ஊர் ஆக்கள்?’ எருக்கலம்பிட்டி என்றால் ஒரு முடிவு, பேசாலை என்றால் வேறொரு முடிவு. ஊர்ப்பெயரிலேயே சமயம் தெரிந்துவிடுகிறது. தெரியாவிட்டால் ஆளின் பெயரைக் கேட்கிறார்கள். பிடிக்காத விடை வந்தால், ‘மகள் வரப்போறா, வீட்டைக் குடுக்கிற யோசனை இல்லை’ என்று கதவு சாத்தப்படுகிறது. அடுத்த வாரமே அந்த வீட்டில் வேறு குடும்பம்.

வீட்டுக்காரரின் பயம் பொய்யானதல்ல. கடன்பட்டோ வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய காசிலோ கட்டிய வீடு. குடியிருப்பவர் வாடகையை நிறுத்திவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். குடியிருப்போரைக் காக்க வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே இன்றும் நடுங்கும் முதியவர்கள் உண்டு. ஆகவே விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் எதை விசாரிக்கிறோம்? சாதியையும் சமயத்தையும் துருவித் துருவிக் கேட்பவர், ஒரு தாளில் முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். இரண்டு வருடம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தாலும், அந்தக் காலத்தை நிலைநாட்ட அது உதவாது. முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரோடு பத்து நிமிடம் பேசுவதும் அரிது. மாதாமாதம் காசு வந்ததா, போகும்போது கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் கட்டப்பட்டிருந்தனவா என்பதை அவரன்றி யார் சொல்லுவார்? இடமாற்றத்தில் தனியாக வரும் ஆசிரியைக்கோ தாதிக்கோ சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. அவர்களுக்குத்தான் அறை கிடைப்பது மிகக் கடினம்.

‘எந்த ஊர்’ என்று கேட்டு ஒதுக்குவதன் கொடுமையை அறியாதவர்களல்ல நாம். 2007 யூன் 7ஆம் திகதி விடியமுன், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள், அங்கே தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. அங்கே வெளியேற்றியது அரசு, அதனால் வழக்குப் போட முடிந்தது. தனியார் வீட்டு வாசலில் அந்த வழியும் இல்லை. அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள் போன்றவற்றில் இனம், மதம், சாதி பார்த்துத் தடுப்பதை விலக்குகிறது. வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பிரித்தானியா 1968இலேயே வீடு கொடுப்பதில் இனம், நிறம் பார்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. இலண்டனில் நம் உறவுகளுக்குள்ள அந்தக் காப்பு மன்னாரிலும் சட்டமாக வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் போனவர்களைக் கற்பிட்டியும் புத்தளமும் ஏற்றுக்கொண்டன. 2009க்குப் பிறகு பலர் திரும்பினார்கள். அப்படியொரு குடும்பத்தின் பிள்ளை இன்று வேலைக்காக மன்னார் நகரில் அறை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தது புத்தளம், தகப்பனின் ஊர் எருக்கலம்பிட்டி. எந்த ஊர் ஆக்கள் என்று கேட்டால் அவர் இரண்டில் எதைச் சொல்லுவது? எதைச் சொன்னாலும், மாதம் பிறந்தால் வாடகை வருமா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை.