பொறி பறக்கும் முன்பே ஒரு கணக்கு!

பக்கெட், டூத் பிரஷ், தண்ணீர் பாட்டில் மூடி... வீட்டில் எந்த பிளாஸ்டிக் பொருளை எடுத்தாலும், பெரும்பாலும் அது உருவானது ஓர் உலோக அச்சில்தான். தொழிற்கூடங்களில் இதை 'மோல்டு' என்பார்கள். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு என்று புதுச்சேரியைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் புழங்கும் சொல் இது.

ஒரே அச்சில் லட்சக்கணக்கான மூடிகள் வார்க்க வேண்டும் என்றால், அதன் எஃகு கெட்டியாக இருக்க வேண்டும். அந்தக் கெட்டியான எஃகில் கூரான உள் மூலையையும் குட்டி எழுத்தையும் செதுக்குவது டிரில் பிட்டால் ஆகிற காரியமில்லை. அங்கேதான் 'ஸ்பார்க் மெஷின்' வருகிறது. பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இ.டி.எம்.

செம்பு அல்லது கிராஃபைட்டில் செய்த எலக்ட்ரோடை, எண்ணெயில் மூழ்கியிருக்கும் எஃகுக்கு வெகு அருகே கொண்டு போவார்கள். இரண்டும் தொடாது, நடுவில் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுக்குத்தான் இடைவெளி. அதில் மின்பொறி பாயும். அதன் வெப்பம் சுமார் 8,000 முதல் 12,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான்! எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி போதும். ஒரு பொறிக்கு ஒரு குட்டிக் குழி. நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள்.

இந்த முறைக்கு 1943-ல் வழி காட்டியவர்கள் சோவியத் விஞ்ஞானிகளான போரிஸ் லாசரென்கோ, நடாலியா லாசரென்கோ தம்பதி. மின் இணைப்பு முனைகளைப் பொறி அரித்துத் தின்பதைக் குறைக்க ஆராய்ந்தவர்கள், கடைசியில் அந்தப் பொறியையே வேலைக்கு அமர்த்திவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கரண்ட் எவ்வளவு வைப்பது, ஒரு பொறியை எத்தனை மைக்ரோ நொடி எரியவிடுவது என்பதில்தான். கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால், உருகிய எஃகு முழுவதும் வெளியேறாது. மிச்சம் அங்கேயே உறைந்து வெண்படலமாக ஒட்டிக்கொள்ளும். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். அச்சு பின்னாளில் உடைய அதுவே தொடக்கமாகலாம். குறைத்தாலோ வேலை நாள்கணக்கில் இழுக்கும். பெரிய கம்பெனி நான்கு எஃகுத் துண்டுகளை வீணாக்கிப் பார்க்கலாம். சின்னப் பட்டறையில் ஓர் அச்சு கெட்டால், அந்த மாத லாபம் அதோடு போச்சு.

அதனால்தான் பொறியை முதலில் கம்ப்யூட்டரில் பறக்க விடுகிறார்கள்.

எப்படி? புள்ளிக் கோலம் போடுவதுபோல எஃகு முழுக்கப் புள்ளி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பொறி விழுந்த இடத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு சூடு பரவுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். எந்தெந்தப் புள்ளிகள் உருகும் வெப்பத்தைத் தாண்டுகின்றனவோ, அவற்றை அழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் குழி. சூடு பரவும் கணக்குக்கான சமன்பாட்டைத் தந்தவர் ஜோசஃப் ஃபூரியே என்ற பிரெஞ்சு கணித மேதை. அவரது நூல் வெளியான 1822-ல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

சமன்பாடு சரி, பொறியின் சூட்டில் எஃகுக்குள் இறங்குவது எவ்வளவு? ஆரம்பகால மாதிரிகளில் சரிபாதி என்று வைத்துக்கொண்டவை உண்டு. விளைவு, கம்ப்யூட்டர் காட்டிய குழி நிஜக் குழியைவிடப் பெரிதாக வந்தது. 1989-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு, சோதனைகளோடு ஒப்பிட்டு, எதிர்மின் முனைக்கு 18 சதவிகிதம், நேர்மின் முனைக்கு 8 சதவிகிதம் என்று கொண்டது. ஐ.ஐ.டி பாம்பேயின் ஜோஷி, பாண்டே இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வும், ஒற்றைப் பொறியின் சூட்டிலிருந்து தொடங்கி குழியின் வடிவத்தைக் கணிப்பதுதான்.

ஆக, அந்த ஒரு சதவிகிதம் தப்பினால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும். அதைக் கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடித்துத் தராது. நிஜ எஃகில் நிஜப் பொறியை விட்டு, குழியை மைக்ரோஸ்கோப்பில் அளந்துதான் சரிபார்க்க வேண்டும்.

புதுச்சேரியில் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இதை எடுக்கலாம். ஒற்றைப் பொறிக் கணக்குக்கு ஒரு லேப்டாப்பே போதும். வண்ண வண்ணமாகப் படம் வந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடாமல், பக்கத்து டூல் ரூமில் ஸ்பார்க் மெஷின் ஓட்டும் அண்ணனிடம் ஒருமுறை காட்டுங்கள். 'இவ்வளவு ஆழம் வராதுப்பா' என்று அவர் சொன்னால், கோபப்படாமல் அந்தச் சதவிகிதத்தை மறுபடி பாருங்கள்!