தொடக்க வகுப்புகளில் அறிவியல் சோதனை: குழந்தையின் கையால் நடக்க வேண்டும் (நிலைப்பாட்டு அறிக்கை)

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு அறிவியல் சோதனை என்பது, பொருளைத் தொட்டுப் பார்ப்பது, என்ன நடக்கும் என்று முன்னதாக ஊகிப்பது, செய்வது, நடந்ததைத் தன் சொல்லில் சொல்வது. இந்த நான்கில் எதை ஆசிரியரோ பெற்றோரோ குழந்தைக்குப் பதிலாகச் செய்துவிட்டாலும் குழந்தையின் பங்கு வேடிக்கை பார்ப்பதாகக் குறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியலும், மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியலும் பாடங்களாக உள்ளன. செய்து பார்க்கச் சொல்லும் பகுதிகளுக்குப் பாடநூல்களில் குறைவில்லை. ஆனால் பல வகுப்பறைகளில் அந்தப் பகுதி வாய்விட்டு வாசிக்கப்படுகிறது, முடிவு அடிக்கோடிடப்படுகிறது, பிறகு தேர்வுக்கான கேள்வி பதிலாகிவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு சோதனையாவது ஒவ்வொரு குழந்தையின் கையாலும் நடக்க வேண்டும், அதற்கான பாடவேளை கால அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும் என்பது இந்த அமைப்பின் நிலைப்பாடு.

பள்ளிக்கு வரும்போதே குழந்தையிடம் உலகைப் பற்றிய கருத்துகள் இருக்கின்றன. கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். செடி மண்ணைத் தின்று வளர்கிறது. கம்பளி தானாகவே சூடு தருகிறது. இவை அன்றாட அனுபவத்திலிருந்து குழந்தை தானே சேர்த்துக்கொண்டவை. அதனால் புத்தகத்தின் ஒரு வாக்கியம் அவற்றை அசைப்பதில்லை. தேர்வில் சரியான விடையை எழுதும் குழந்தை, மனத்துக்குள் பழைய கருத்தை அப்படியே வைத்திருக்கிறது. மட்டை உரிக்காத தேங்காயையும் ஒரு சிறு கூழாங்கல்லையும் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போடுவதற்கு முன் எது மூழ்கும் என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் தேங்காயைக் காட்டுவார்கள். தேங்காய் மிதக்கிறது, கல் அடியில் போய் உட்காருகிறது. அடுத்து ஒரு களிமண் உருண்டை, அது மூழ்குகிறது. அதே களிமண்ணைக் கிண்ணமாகத் தட்டி மெல்ல வைத்தால் மிதக்கிறது. எடை மாறவில்லை என்பது குழந்தையின் கைக்கே தெரியும். தோலோடு மிதந்த ஆரஞ்சு, உரித்த பிறகு பெரும்பாலும் மூழ்கிவிடுகிறது என்பதையும் பார்த்துவிட்ட குழந்தையிடம் ‘கனமானது மூழ்கும்’ என்ற விதி இனி பழையபடி நிற்காது. ‘அடர்த்தி’ என்ற சொல் மேல்வகுப்பில் வரட்டும். அந்தச் சொல் வந்து உட்காருவதற்கான இடம் இங்கே தயாராகிறது.

முன்கூட்டி ஊகிக்கச் சொல்வதை நேரமில்லை என்று விட்டுவிடுவது பரவலான வழக்கம். இந்த அமைப்பு அதை ஏற்கவில்லை. ஊகத்தை வாயால் சொல்லிவிட்ட குழந்தைக்கு நடப்பது முக்கியமாகிறது; சொல்லாத குழந்தைக்குத் தேங்காய் மிதந்தாலும் மூழ்கினாலும் ஒன்றுதான்.

மேடைக் காட்சியைச் சோதனையாகக் கருத முடியாது. அறிவியல் கண்காட்சி என்றாலே தெர்மாகோல் மலையும் அதிலிருந்து பொங்கும் சிவப்பு நுரையும் என்று ஆகிவிட்டது. சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிவந்து பொங்குகிறது. எரிமலை வேறு காரணங்களால் வெடிக்கிறது. காட்சியைப் பார்க்கும் குழந்தை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அதே சோடாவை நான்கு டம்ளர்களில் ஒரு சிட்டிகை, அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று போட்டு, ஒரே அளவு எலுமிச்சைச் சாற்றைக் குழந்தைகளே ஊற்றிப் பார்க்கட்டும். ஓர் அளவுக்கு மேல் சோடாவைக் கூட்டினாலும் நுரை கூடாமல் போவது ஏன் என்ற கேள்வி அங்கே எழும். கண்காட்சிக்காகப் பெற்றோர் இரவெல்லாம் விழித்திருந்து ஒட்டித் தரும் மாதிரிகளுக்குப் பரிசு கொடுப்பதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும்.

தவறான விளக்கம் இன்னொரு சிக்கல். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து டம்ளருக்குள் நீர் ஏறுகிறது. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்கு நீர் ஏறியது என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. உண்மையில் ஆக்சிஜன் முழுதும் தீருவதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரியும்போது, குறையும் ஆக்சிஜனின் இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம், சுடரின் சூட்டில் விரிந்திருந்த காற்று சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவது. கவனித்துப் பார்த்தால் நீர் வேகமாக ஏறுவது சுடர் அணைந்த பின்புதான் என்று தெரியும். ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவத்திகளை வைத்தால் நீர் இன்னும் உயரம் ஏறும். ஆக்சிஜன் மட்டும் காரணமானால் உயரம் மாறக் கூடாது. தீயோடு தொடர்புடையது என்பதால் இதை ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே தேவையில்லை. இந்த எடுத்துக்காட்டு இங்கே சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. பாடநூலின் விளக்கத்தைவிடக் குழந்தையின் கண் சில நேரங்களில் சரியாகப் பார்க்கிறது. ‘அணைந்த பிறகுதானே தண்ணி ஏறுச்சு?’ என்று கேட்கும் குழந்தையை வகுப்பறை வாய் மூடச் செய்யக் கூடாது.

கையால் செய்து கற்பது புதிய கருத்தன்று. இந்தியாவிலேயே அதற்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியா நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதை ஏற்று நடத்தியது. கிராமத்துக் குழந்தைகள் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்தார்கள்; தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள முடிந்தது, செய்முறையும் இருந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் காலி டப்பாக்களையும் கொண்டு உருவாக்கிய விளையாட்டுப் பொருள்கள், சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதை நாடெங்கும் காட்டின. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷர்பாக் 1996இல் பிரான்ஸில் தொடங்கிவைத்த திட்டம், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொருவரும் தங்கள் சோதனைகளைத் தங்கள் மொழியில் எழுதும் நோட்டு ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், சின்னஞ்சிறு அரசுப் பள்ளியிலும் குழந்தைகள் தரையில் குழுவாக அமர்ந்து தாமே வேலை செய்ய முடியும் என்று மெய்ப்பித்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், கருத்தாளர்களைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பி 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களைச் சோதனை செய்ய வைக்கிறது. இந்த அமைப்பு அதை மனமார வரவேற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. வாசிப்பும் எண்ணும் முதலில் வரட்டும், அறிவியல் பிறகு என்ற வாதத்திலும் வலுவில்லை. முளைவிட்ட பாசிப்பயற்றின் நீளத்தை நாள்தோறும் நூலால் அளந்து எழுதும் குழந்தை, எண்ணையும் எழுத்தையும் ஒருசேரப் பயன்படுத்துகிறது.

குழந்தையைத் தன் போக்கில் விட்டுவிட்டால் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிடும் என்று இந்த அமைப்பு கூறவில்லை. அமெரிக்காவில் டேவிட் கிளாரும் மிலெனா நிகமும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சரிவுப் பலகையில் பந்தை உருட்டும் சோதனையை மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களில் மிக அதிகமானோர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாமாகக் கண்டுபிடிக்க விடப்பட்டவர்களில் சிலரே அதை எட்டினார்கள். 2011இல் எலிசபெத் போனவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பல விதமாக இயங்கும் ஒரு பொம்மையை எடுத்து, ‘இப்படித்தான்’ என்று ஒரே ஒரு வேலையைக் கற்பிக்கும் தோரணையில் காட்டியபோது, பள்ளிசெல்லும் வயதை எட்டாத குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். தற்செயலாக இயங்கியதுபோல் காட்டப்பட்ட குழந்தைகள் பொம்மையின் மற்ற வேலைகளையும் தேடிக் கண்டார்கள்.

ஆகவே எது முதலில், எது பிறகு என்பதே இங்கே முக்கியம். இரண்டு கைக்குட்டைகளை நனைத்துக் கொடுத்து, எது சீக்கிரம் காயும் என்று பார்க்கச் சொன்னால், ஒரு குழு ஒன்றை வெயிலில் விரித்துப் போடும், மற்றதை நிழலில் சுருட்டி வைக்கும். வெயிலால் காய்ந்ததா, விரித்ததால் காய்ந்ததா என்ற சண்டை கட்டாயம் வரும். அந்தச் சண்டை வரும்வரை ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். வந்த பிறகு, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்பதைத் தெளிவாக, நேரடியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே சொன்னால் அது இன்னொரு மனப்பாட வரி. பின்பும் சொல்லாமல் விட்டால் கடமை தவறுதல்.

நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பிலும், ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் நடத்தும் ஈராசிரியர் பள்ளியிலும் இது கடினம் என்பது உண்மை. பல வகுப்புகள் ஒன்றாக இருப்பது சோதனைக்குச் சில நேரங்களில் வசதியாகவும் அமைகிறது. ஒரே தொட்டியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை மிதப்பதையும் மூழ்குவதையும் பிரிக்கும். ஐந்தாம் வகுப்புக் குழந்தை எத்தனை ஸ்பூன் உப்பில் முட்டை மிதக்கிறது என்று கணக்கெடுக்கும். நான்கு குழந்தைகளுக்கு ஒரு தட்டு, சில டம்ளர்கள், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த ஒரு பெரிய காந்தம் போதும். காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு விளையாட்டுத் திடலின் மணலில் இழுத்தால் ஒட்டும் கருந்துகள்கள் அரை மணி நேரத்துக்குப் பேச்சுப் பொருளாகும். குழுவில் ஆண் பிள்ளைகள் செய்வதும், பெண் பிள்ளைகள் அழகாக எழுதிவைத்துப் பாத்திரம் கழுவுவதும் எங்கும் காணப்படும் பழக்கம். வேலையை வாரந்தோறும் மாற்றிக் கொடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குத் தொடுதலாலும் ஒலியாலும் மணத்தாலும் அறியக்கூடிய சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே குழுவில் அந்தக் குழந்தையும் செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. வீட்டுப் பொருள் என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. மஞ்சளைச் சிவப்பாக்க வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்துவது வழக்கம். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சோப்பு நீரே மஞ்சளைச் சிவக்க வைக்கும்போது சுண்ணாம்பு எதற்கு? சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பாவதும் இதே பாடத்தைச் சொல்லும். நீரில் ஓடும் கற்பூரப் படகு கண்ணுக்கு அழகு. ஆனால் கற்பூரம் சிறிதளவு விழுங்கப்பட்டாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அதை அரித்துவிடும். வலுவான குட்டிக் காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடற்சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளையிடும். இவை தொடக்கப் பள்ளிக்குள் வரவே கூடாது. மின்சாரம் என்றால் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி மட்டும். சுவர் பிளக்கைச் சோதனைக்குத் தொடவே கூடாது. விதை சேகரிக்கச் சொல்லும்போது குன்றிமணி, ஆமணக்கு, அரளி, ஊமத்தை ஆகியவற்றைப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். குன்றிமணியின் நிறமே குழந்தைகளை இழுக்கும், அதன் விதைக்குள் இருப்பதோ கொடிய நஞ்சு. சோதனைப் பொருள் எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. ரொட்டியில் பூஞ்சை வளர்த்தால், மூடிய ஒளிபுகும் டப்பாவிலேயே பார்த்துவிட்டுத் திறக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். எறும்பையோ மண்புழுவையோ கவனிக்க எடுத்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

சோதனைக்கு மதிப்பெண் கூடாது. மதிப்பெண் வந்தவுடன் குழந்தை நடந்ததை விட்டுவிட்டு, நடக்க வேண்டியதை எழுதத் தொடங்கும். முளைக்காத பயற்றையும் முளைக்கவில்லை என்றே எழுத வேண்டும். ஏன் என்று அடுத்த வாரம் பார்க்கலாம்.

பள்ளிக் கல்வித் துறையிடம் இந்த அமைப்பு வைக்கும் கோரிக்கைகள் சில. வானவில் மன்றம் போன்ற ஏற்பாடு ஒன்றாம் வகுப்பு வரை விரிவடைய வேண்டும். குறுவள மையப் பயிற்சிகளில் ஆசிரியர்கள் திரையில் படம் பார்ப்பதை விடுத்து, குழந்தைகள் செய்யப்போகும் சோதனைகளைத் தாமே தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஊகமும் எழுத வேண்டும். பள்ளி மானியத்தில் சிறு பொருள்கள் வாங்கத் தெளிவான அனுமதி வேண்டும். உடைந்த டம்ளருக்கு ஆசிரியர் தன் பையிலிருந்து பணம் கொடுக்கும் நிலையில் பொருள்கள் பூட்டிய அலமாரியிலேயே இருக்கும். பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர் குழந்தைகளின் சோதனை நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எழுத்துப் பிழைகளைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன், நடந்ததைக் குழந்தை நடந்தபடி எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.